படத்துள் மறைந்த பகை: மறைபொதிவு வழியாக நிகழும் கணிப்பொறித் தாக்குதல்களைக் கண்டறியும் முறைகள்

இரகசியச் செய்தி ஒன்றைப் பகைவர் நடுவே அனுப்புவதற்கு இரண்டு வழிகள் உண்டு. செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு சங்கேத எழுத்தாக மாற்றி அனுப்புவது ஒரு வழி. செய்தி ஒன்று செல்கிறது என்பதே பிறருக்குத் தோன்றாதவாறு, ஐயத்திற்கு இடமற்ற வேறொரு பொருளுக்குள் அதனைப் பொதிந்து அனுப்புவது மற்றொரு வழி. முதல் வழியில் பூட்டிய பெட்டி எல்லோர் கண்ணுக்கும் தெரியும், திறக்கத்தான் இயலாது. இரண்டாம் வழியில் பெட்டி இருப்பதே தெரியாது. இவ்விரண்டாம் வழியை மேனாட்டார் ‘ஸ்டெகனோகிராபி’ என்பர். மூடிய எழுத்து என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தமிழில் இதனை மறைபொதிவு எனலாம்.

இக்கலை மிகப் பழமையானது. பாரசீகப் பேரரசரின் அவையில் ஏறத்தாழச் சிறைப்பட்டவர் போல் வாழ்ந்த ஹிஸ்டியேயஸ் என்னும் கிரேக்கத் தலைவர், மிலேட்டஸ் நகரிலிருந்த தம் மருமகன் அரிஸ்டகோரஸுக்குக் கிளர்ச்சி செய்யும்படி செய்தி அனுப்பிய வரலாற்றை ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். நிகழ்ச்சி கி.மு. 499-ஆம் ஆண்டை ஒட்டியது. நம்பிக்கைக்குரிய அடிமை ஒருவனுடைய தலையை மழித்து, அதன்மேல் செய்தியைப் பச்சை குத்தி, மயிர் வளரும்வரை காத்திருந்து, பின்னர் அவனை அனுப்பினார். ‘என் தலையை மழித்துப் பாருங்கள்’ என்று சொல்வது மட்டுமே அவ்வடிமைக்கு இடப்பட்ட கட்டளை.

இக்கதையில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. வழிநெடுக நின்ற காவலர் எவரும் ஒரு பிரயாணியைத் தவிர வேறொன்றையும் காணவில்லை என்பது ஒன்று. அச்செய்தி தானாக எதையும் செய்துவிடவில்லை. மறுமுனையில் தலையை மழித்துப் படிப்பதற்கு ஒருவர் இருந்தமையாலேயே அது பயன்பட்டது என்பது மற்றொன்று. முதல் உண்மை கணிப்பொறிக் காவலர்களைத் திகைக்க வைக்கிறது. இரண்டாம் உண்மையே அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

எண்களால் ஆகிய படம்

கணிப்பொறியில் உள்ள நிழற்படம் உண்மையில் எண்களின் ஒரு பெரிய அட்டவணையாகும். படம் ‘பிக்ஸல்’ எனப்படும் சிறு புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சாதாரணமான வண்ணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வெண் கணிப்பொறிக்குள் எட்டு ‘பிட்’டுகளாக, அதாவது 0 அல்லது 1 ஆகிய எட்டு இலக்கங்களாக எழுதப்படுகிறது.

இவ்வெட்டு இலக்கங்களுள் கடைசி இலக்கம் மாறினால் எண்ணின் மதிப்பு ஒன்றே ஒன்றால்தான் கூடும் அல்லது குறையும். சிவப்பின் அளவு 200 என்பதிலிருந்து 201 ஆவதை மனிதக் கண் உணர இயலாது. எனவே, கடைசி இலக்கங்களை நீக்கிவிட்டு, அவ்விடங்களில் வேண்டிய செய்தியின் இலக்கங்களை வரிசையாக நிரப்பிவிடலாம். ஆயிரம் புள்ளி அகலமும் ஆயிரம் புள்ளி உயரமும் கொண்ட படத்தில் 10 லட்சம் புள்ளிகளும், அவற்றில் 30 லட்சம் எண்களும் உண்டு. எண் ஒன்றுக்கு ஓர் இலக்கம் வீதம் 30 லட்சம் இலக்கங்கள், அதாவது 3,75,000 பைட்டுகள், அப்படத்தில் ஒளிந்து கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரு சிறு நாவல் முழுவதையும் அடக்க இவ்விடம் போதும். படமோ பார்ப்பதற்கு முன்பு இருந்தபடியே இருக்கும்.

இதைக் காட்டிலும் எளிய முறையும் உண்டு. படக் கோப்பு முடிவடையும் இடத்திற்குப் பின்னால் செய்தியை ஒட்டிவிடுவதே அது. படத்தைக் காட்டும் நிரல் முடிவுக் குறியைக் கண்டவுடன் நின்றுவிடும். பின்னால் ஒட்டியிருப்பதைக் கவனிக்காது. ஒலிக் கோப்புகள், காணொளிகள், இணையத்தில் செல்லும் செய்திப் பொட்டலங்களுக்கு இடைப்பட்ட கால இடைவெளிகள் ஆகியவற்றிலும் இவ்வாறே பொதிந்து வைக்கலாம்.

தாக்குவோர் இதனை நாடும் காரணம்

அலுவலகங்களின் கணிப்பொறி வலைகளுக்கு வாயிற்காவலாக அமைந்துள்ள சாதனங்கள், உள்ளே வரும் நிரல்களை ஐயத்துடன் சோதிக்கின்றன. படங்களையோ அவை பெரும்பாலும் தடையின்றி விட்டுவிடுகின்றன. ஒரு செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறந்தாலே பல படங்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரித்தால் அலுவல் நடவாது. இந்தத் தாராளத்தையே தாக்குவோர் பயன்படுத்திக் கொள்கின்றனர். கடந்த ஆண்டுகளில் வெளிப்பட்ட சில நிகழ்ச்சிகள் இதனை விளக்கும்.

2011-ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டின் புடபெஸ்ட் நகரிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தினர் ‘டுக்கு’ என்னும் ஒற்று நிரலைக் கண்டுபிடித்தனர். அது தான் திருடிய தகவல்களை, 54 புள்ளி அகலமும் 54 புள்ளி உயரமும் கொண்ட ஒரு சிறு படத்தின் பின்னே ஒட்டி வெளியே அனுப்பியது. காவலருக்கு அது யாரோ ஒருவர் படம் அனுப்புவதாகவே தோன்றும்.

2014-ஆம் ஆண்டில் வங்கிக் கணக்குகளைக் குறிவைத்த ‘ஜியூஸ்’ வகைத் தீநிரல் ஒன்று, எந்தெந்த வங்கிகளைத் தாக்க வேண்டும் என்னும் பட்டியலை ஒரு சூரிய அஸ்தமனப் படத்திற்குள் வைத்திருந்தது.

2016-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ஈசெட்’ என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட செய்தி இன்னும் கவலை தருவதாக இருந்தது. மக்கள் மிகுதியாகப் பார்வையிடும் செய்தித் தளங்களில் தோன்றிய விளம்பரப் படங்களில், புள்ளிகளின் ஒளிபுகுத்தன்மையைக் குறிக்கும் எண்களுக்குள் தீய நிரல் பொதியப்பட்டிருந்தது. பார்வையாளர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. பக்கம் திறந்தாலே போதும். மேலும், அது முதலில் கணிப்பொறியைச் சோதித்துப் பார்த்தது. ஆராய்ச்சியாளருடைய பொறியாகத் தோன்றினால் குற்றமற்ற படத்தையும், ஏமாறக்கூடிய பொறியாகத் தோன்றினால் திருத்தப்பட்ட படத்தையும் அனுப்பியது.

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘சிமான்டெக்’ நிறுவனத்தார் வெளியிட்ட நிகழ்ச்சியில், ‘விண்டோஸ்’ இயக்க முறைமையின் பழைய சின்னப் படத்திற்குள் ஒரு கள்ளக் கதவு நிரல் மறைந்திருந்தது. மேற்கு ஆசியாவில் இரண்டு நாடுகளின் அரசாங்கங்களும், ஆப்பிரிக்க நாடு ஒன்றின் பங்கு மாற்றகமும் அத்தாக்குதலுக்கு இலக்காயின. அப்படம் வைக்கப்பட்டிருந்த இடம், நிரல் எழுதுவோர் யாவரும் நம்பிப் பயன்படுத்தும் ‘கிட்ஹப்’ என்னும் பொதுக் களஞ்சியமாகும். நம்பகமான இடத்திலிருந்து வரும் படத்தைக் காவல் சாதனம் ஐயுறுவதில்லை.

கோப்பின் அமைப்பைச் சோதித்தல்

கண்டறியும் முறைகளுள் முதலாவது கோப்பின் அமைப்பைச் சோதிப்பதாகும். ‘ஜேபெக்’ வகைப் படம் ஒவ்வொன்றும் 255, 217 என்னும் இரு எண்களுடன் முடிவுற வேண்டும். அதற்குப் பின்னும் எண்கள் தொடருமானால் அவை படத்தைச் சார்ந்தவையல்ல. இச்சோதனை மிகவும் எளியது, விரைவானது. பின்னால் ஒட்டும் முறையைக் கையாளும் தாக்குதல்களை இதனாலேயே பெரும்பாலும் பிடித்துவிடலாம். மேற்கூறிய அஸ்தமனப் படத்தின் மர்மமும் இதையொத்த முறையில்தான் வெளிப்பட்டது. அதே படத்தின் அசல் பிரதியைத் தேடி எடுத்து ஒப்பிட்டபோது, தாக்குதலுக்குப் பயன்பட்ட பிரதி அளவில் பெரிதாக இருந்தது தெரிய வந்தது.

ஆனால், கடைசி இலக்கங்களுக்குள் பொதிந்த செய்தி கோப்பின் அளவையோ அமைப்பையோ மாற்ற வேண்டியதில்லை. அங்கே வேறு கருவி தேவைப்படுகிறது.

புள்ளியியல் காட்டிக் கொடுத்தல்

அக்கருவியைப் புள்ளியியல் அளிக்கிறது. 1999-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மன் ஆகிய இருவரும் எடுத்துரைத்த முறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

ஒரு படத்தில் 100 என்னும் எண் 600 இடங்களிலும், 101 என்னும் எண் 400 இடங்களிலும் வருவதாகக் கொள்வோம். கடைசி இலக்கத்தை மாற்றும்போது 100 என்பது 101 ஆகலாம். 101 என்பது 100 ஆகலாம். வேறெந்த எண்ணாகவும் அவை மாற இயலாது. ஆகவே இவ்விரண்டும் பிரிக்க இயலாத ஒரு சோடியாகின்றன. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 1,000 ஆகவே இருக்கும். மறைத்து வைக்கும் செய்தி வழக்கமாக முதலில் சங்கேதமாக்கப்படுகிறது. நல்ல சங்கேதத்தில் 0 என்பதும் 1 என்பதும், நாணயத்தைச் சுண்டினாற்போல, ஏறத்தாழச் சரிபாதியாக வரும. அவற்றைக் கொண்டு கடைசி இலக்கங்கள் யாவற்றையும் நிரப்பினால், 100 என்பது ஏறத்தாழ 500 இடங்களிலும், 101 என்பதும் ஏறத்தாழ 500 இடங்களிலும் வரும். இவ்வாறே 102-உம் 103-உம், 104-உம் 105-உம் சரிசமமாகிவிடும். இயற்கையான படத்தில் சோடிகள் அனைத்தும் இவ்வாறு சமநிலையில் நிற்பது மிக அரிது. தராசுத் தட்டுகள் எல்லாக் கடைகளிலும் ஒரே நேரத்தில் சமமாக நின்றால் ஐயுற வேண்டியிருப்பதைப் போன்றது இது. இச்சமநிலை தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடுமா என்பதை அளக்கப் புள்ளியியலில் ‘கை-வர்க்கம்’ என்னும் பழைய சோதனை இருக்கிறது.

தாக்குவோன் ஆசையைக் குறைத்துக் கொண்டால் இச்சோதனை வலுவிழக்கும். படத்தின் பாதி இடங்களில் மட்டும் செய்தியைத் தூவினால் மேற்கூறிய எண்ணிக்கைகள் 550, 450 என்றாகும். இருபதில் ஓர் இடத்தில் மட்டும் தூவினால் 595, 405 என்றாகும். முதலில் 600, 400 என்று இருந்தது சோதிப்பவருக்குத் தெரியாது. தெரியாதபோது 595, 405 என்பதில் குற்றம் காண வழியில்லை. இக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டு 2001-ஆம் ஆண்டில் ஜெஸிகா ஃபிரிட்ரிக்கும் அவருடைய துணைவர்களும் அமெரிக்காவில் வேறொரு முறையைக் கண்டனர். அடுத்தடுத்த புள்ளிகள் இயற்கைப் படத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பொதிவு அவ்வொற்றுமையைச் சிறிது சிறிதாகக் குலைக்கிறது. அக்குலைவை அளந்து, செய்தி எவ்வளவு நீளமானது என்பதையும் அவர்கள் மதிப்பிட்டனர். அண்மைக் காலத்தில், பல்லாயிரம் படங்களைக் காட்டிப் பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலை நிரல்கள் இப்பணிக்குப் பயன்படுகின்றன. எனினும், பயிற்சியில் காணாத வகைக் காமிராவினால் எடுக்கப்பட்ட படம் வந்தால் அவையும் தடுமாறுகின்றன.

பொய் எச்சரிக்கையின் சுமை

இங்கே ஒரு முக்கியமான இடர்ப்பாடு எழுகிறது. ஒரு பெரிய அலுவலகத்திற்குள் நாளொன்றுக்கு 10 லட்சம் படங்கள் வருவதாகவும், அவற்றுள் பத்தில் மட்டுமே பகை மறைந்திருப்பதாகவும் வைத்துக் கொள்வோம். சோதனைக் கருவி மிகச் சிறந்தது; நூற்றுக்கு ஒரு முறைதான் நல்ல படத்தைத் தவறாகக் குற்றம் சாட்டும் என்றும் கொள்வோம். அப்போதும் நாள்தோறும் ஏறத்தாழ 10,000 நல்ல படங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். உண்மைக் குற்றவாளிகள் பத்துப் பேர் அக்கூட்டத்தினுள் எங்கோ இருப்பர். ஓர் எச்சரிக்கை மெய்யாவதற்கு வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றே. சில நாட்களில் காவலர் எச்சரிக்கை மணியைக் காதில் வாங்குவதையே விட்டுவிடுவர். அன்றுதான் மெய்யான திருடன் நுழைவான்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. நீல்ஸ் புரோவோஸ், பீட்டர் ஹனிமன் என்னும் இருவர் 2001-ஆம் ஆண்டில் ‘ஈபே’ ஏலத் தளத்திலிருந்து 20 லட்சம் படங்களை எடுத்துச் சோதித்தனர். ஏறத்தாழ நூற்றில் ஒன்று ஐயத்திற்குரியதாகக் கருவிக்குத் தோன்றியது. அவற்றைத் திறக்கக் கூடிய கடவுச் சொற்களைப் பல கணிப்பொறிகளைக் கொண்டு தேடிப் பார்த்தனர். மறைந்த செய்தி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. செய்தி எங்குமே இல்லையென்று இது நிரூபிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்துக் கொண்டிருப்பது போதாது என்பதையே உணர்த்துகிறது.

படிப்பவனைத் தேடுதல்

ஆகையால் ஆராய்ச்சியாளரின் கவனம் ஹெரோடோட்டஸ் கதையின் இரண்டாம் உண்மைக்குத் திரும்புகிறது. படத்துள் மறைந்த நிரல் தானாக இயங்க இயலாது. அதனைப் பிரித்தெடுத்து நினைவகத்தில் சேர்த்து இயக்குவதற்குச் சிறு நிரல் ஒன்று முன்னதாகவே பொறிக்குள் புகுந்திருக்க வேண்டும். அல்லது உலாவியில் ஏதேனும் ஓர் ஓட்டை இருக்க வேண்டும். படம் குற்றமற்றதாக நடிக்கலாம். படிப்பவனுடைய நடத்தையோ அத்தனை எளிதாக மறைவதில்லை.

அந்நடத்தையைக் காட்டும் அறிகுறிகள் சில உண்டு. படம் பார்க்கும் வேலையே இல்லாத நிரல் ஒன்று, எடுத்துக்காட்டாகக் கடிதம் தட்டெழுதும் நிரலோ பொறியை நிர்வகிக்கும் கட்டளை நிரலோ, இணையத்திலிருந்து ஒரு படத்தை வருவித்தால் அது விசாரணைக்குரியது. வருவித்த படம் திரையில் ஒருபோதும் தோன்றாதிருப்பது மற்றோர் அறிகுறி. நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும், கடிகாரம் தவறாத இடைவெளியில், ஒரே முகவரியிலிருந்து ஒரே படம் கேட்கப்படுவது இன்னொன்று. உள்ளே வருவதைவிட வெளியே செல்வது மிகுந்திருந்தால் அதனையும் கவனிக்க வேண்டும்.

படமின்றி நிகழும் மறைபொதிவுக்கும் இதே முறை பொருந்தும். இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைக் கேட்டறியும் ஏற்பாடு ஒன்று உண்டு. பெயரின் ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துகள் வரை நீளலாம். திருடிய தகவலைத் துண்டு துண்டாக்கி, அப்பெயர்களுக்குள் வைத்துக் கேள்வி கேட்பது போல் வெளியே கடத்தும் தந்திரம் வழக்கத்தில் உள்ளது. மக்கள் சூட்டும் பெயர்கள் குறுகியவை, உச்சரிக்கக் கூடியவை. பொருளற்ற நெடிய பெயர்கள் ஒரே பொறியிலிருந்து ஆயிரக்கணக்கில் கேட்கப்படுமானால், அங்கே கடத்தல் நடைபெறுகிறது என்று ஊகிக்கலாம்.

படத்தின் மீது எழும் ஐயம் தனியாக வலுவற்றது. நடத்தையின் மீது எழும் ஐயமும் தனியாக வலுவற்றதே. இரண்டும் ஒரே பொறியில், ஒரே வேளையில் கூடும்போதுதான் ஆயிரத்தில் ஒன்றாயிருந்த வாய்ப்பு, நடவடிக்கை எடுக்கத் தக்க அளவுக்கு உயருகிறது.

காணாமலே அழித்தல்

1983-ஆம் ஆண்டில் குஸ்டவஸ் சிமன்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இத்துறையின் அடிப்படைச் சிக்கலை ஒரு சிறைச்சாலைக் கதையாக வகுத்தார். இரு கைதிகள் தப்பியோடத் திட்டமிடுகின்றனர். அவர்களுடைய கடிதங்கள் யாவும் சிறை அதிகாரி கைவழியே செல்கின்றன. கடிதத்தில் இரகசியம் இருக்கிறதா என்று அவர் ஆராயலாம். ஆராயாமலே, பொருள் மாறாதபடி கடிதத்தை வேறு சொற்களில் திருப்பி எழுதியும் கொடுக்கலாம். அப்போது சொற்களின் வரிசையில் மறைத்திருந்த குறிப்பு அழிந்து போகும்.

இரண்டாம் உபாயம் கணிப்பொறிக்கும் பொருந்துகிறது. வாயிலில் வரும் படம் ஒவ்வொன்றையும் விரித்து, சிறிது அளவு மாற்றி, மீண்டும் சுருக்கிப் புதிய கோப்பாக உள்ளே அனுப்பினால், பின்னால் ஒட்டியதும் உதிர்ந்துவிடும். கடைசி இலக்கங்களில் பொதிந்ததும் பெரும்பாலும் சிதைந்துவிடும். எனினும், நோயாளியின் ஊடுகதிர்ப் படம், நீதிமன்றச் சான்றான நிழற்படம் முதலியவற்றை இவ்வாறு மாற்றுவது தகாது. அவற்றுக்குத் தனி வழி அமைத்தல் வேண்டும்.

இந்தியாவில் செய்யப்பட்டுள்ள ஏற்பாடு

இந்தியாவில் இத்தகைய நிகழ்ச்சிகளைக் கவனிக்க ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அரசின் கணிப்பொறி அவசர உதவிக் குழு 2004-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அது 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் பிறப்பித்த உத்தரவுகளுள் மூன்று இங்கே குறிப்பிடத்தக்கவை. தாக்குதல் தெரிய வந்த ஆறு மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. கணிப்பொறிகளின் நடவடிக்கைப் பதிவேடுகளை 180 நாட்களுக்குக் காத்து வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. பொறிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு இணக்க வேண்டும் என்பது மூன்றாவது.

கடிகாரத்திற்கும் ஒற்று வேலைக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். வாயிற்காவல் சாதனம் 10 மணி 2 நிமிடத்திற்கு ஒரு படம் வந்ததாகக் குறிக்கிறது. உள்ளேயுள்ள பொறி ஒன்று 10 மணி 2 நிமிடத்திற்குப் புதிய நிரல் இயங்கத் தொடங்கியதாகக் குறிக்கிறது. இரு கடிகாரங்களும் ஒத்திருந்தால் காரணமும் காரியமும் உடனே புலப்படும். ஒன்று கால் மணி பிந்தியிருந்தால், படமும் நிரலும் தொடர்பற்றவை என்றே தோன்றும். படத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்ப்பதே கண்டறியும் கலையின் உயிர்நிலையாதலால், சரியான நேரம் அதற்கு இன்றியமையாததாகிறது.

தனி மனிதர் செய்யத்தக்கதும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் விளம்பரத் தாக்குதல், ஏற்கெனவே திருத்தம் வெளியிடப்பட்ட ஓட்டைகளின் வழியாகவே புகுந்தது. தம் பொறிகளில் அத்திருத்தங்களை உடனுக்குடன் சேர்த்திருந்தோருக்கு அதனால் தீங்கு நேரவில்லை. படம் அவர்களிடமும் வந்து சேர்ந்திருக்கலாம். படிப்பவனுக்கு அங்கே இடமில்லை.

மறைப்போனுடைய திறமை நாளுக்கு நாள் வளரும். எல்லாப் படங்களையும் ஐயுற்று வாழ்வது இயலாத காரியம். ஆனால் எத்துணைச் சாதுரியமாக மறைத்த செய்தியும் ஒருவன் படிக்கும் வரையில் வெறும் மயிர் மூடிய எழுத்தே. மழிப்பவனுடைய கத்தியைக் கண்காணித்தால், ஒவ்வொரு தலையையும் சோதிக்க வேண்டியதில்லை.